வீடே பணியிடம்: நில உபயோக விதிகள் யாரைக் காக்கின்றன?

(நகர்ப்புற உழைக்கும் மக்களிடையேயான பணிகள் குறித்துத் தில்லியில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



நகர்ப்புற ஏழை மக்களின் கோரிக்கைகளைப் பட்டியலிடும்போது குடிநீர், ரேஷன், மின்கட்டணம், குடியிருப்பு உரிமை ஆகியவற்றை நாம் தவறாமல் குறிப்பிடுகிறோம். ஆனால் இவை அனைத்தையும் பின்னிருந்து தீர்மானிக்கும் ஓர் ஆவணம் நம்முடைய கிளைக் கூட்டங்களில் அபூர்வமாகவே பேசப்படுகிறது. மாஸ்டர் பிளான் என்று அழைக்கப்படும் முழுமைத் திட்டமே அந்த ஆவணம். எந்தத் தெருவில் கடை வைக்கலாம், எந்த வீட்டில் தையல் மெஷின் ஓடலாம், எங்கே ஓடக்கூடாது என்பதை அதுதான் சட்டமாக்குகிறது. பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் பேசிக்கொள்ளவேண்டிய தொழில்நுட்ப விஷயம் இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆளும் வர்க்கங்களுக்கு வசதியான எண்ணம் அது. நகர நிலத்தை யார், எதற்காகப் பயன்படுத்துவது என்ற கேள்வி முழுக்க முழுக்க அரசியல் கேள்வியாகும்.

இந்தியாவில் வீடும் பணியிடமும் எந்த அளவுக்கு ஒன்றாக இருக்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். 2013-14இல் நடத்தப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 5.85 கோடி நிறுவனங்களைக் கணக்கிட்டது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை வீட்டுக்குள்ளேயே இயங்குபவை. ஆக, வீட்டில் தொழில் நடத்துவது விதிவிலக்கான செயல் அன்று. கோடிக்கணக்கான குடும்பங்களின் வாழ்வாதாரமே அதுதான். ஆயினும் நமது நகரங்களின் விதிகள் அதனை விதிவிலக்காகவே, பல இடங்களில் குற்றமாகவே கருதுகின்றன. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது?

பிரிவினையின் வரலாறு

குடியிருப்பு மண்டலம், வணிக மண்டலம், தொழில் மண்டலம் என்று நகரைக் கூறுபோடும் முறை முதலாளித்துவ நாடுகளில் வளர்ந்தது. நச்சுப் புகையும் கழிவும் மக்கள் வாழும் இடத்தை அணுகாதிருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்ததில்லை. 1916ஆம் ஆண்டின் நியூயார்க் நகர மண்டல விதிகளுக்குப் பின்னால் ஐந்தாம் அவென்யூவின் செல்வந்த வணிகர்கள் இருந்தனர். ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களும், அவற்றில் வேலை செய்த குடியேறிய தொழிலாளர்களும் தங்கள் கடைவீதியை நெருங்கி வருவதை அவர்கள் விரும்பவில்லை. தொழிலாளர்கள் மதிய இடைவேளையில் அந்த வீதியில் கூடி நிற்பதுகூட அவர்களுக்கு உறுத்தலாக இருந்தது. 1926இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் யூக்ளிட் வழக்கில் மண்டல முறையைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் அந்த முறை அந்நாட்டின் பிற நகரங்களுக்கும் வேகமாகப் பரவியது. சொத்தின் மதிப்பைக் காப்பதும், உழைப்பவரைக் கண்ணில் படாமல் தள்ளி வைப்பதும் அதன் பிறப்பிலேயே இருந்த குணங்கள்.

தில்லிக்கு அந்த முறை வந்த வழியும் கவனத்துக்குரியது. 1957இல் தில்லி வளர்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டு, தில்லி வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழுவினுடைய உதவியோடு தயாரான முதல் முழுமைத் திட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. பழைய ஷாஜகானாபாத்தின் சந்துகளில் கீழே பட்டறை, மேலே வீடு என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கைவினைஞர்களின் நகரம், அந்த வரைபடத்தில் ஒழுங்கற்றதாகத் தெரிந்தது. உழைக்கும் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த முறையை ஆராய்ந்து அதற்கேற்ப விதி வகுக்கப்படவில்லை. விதி முதலில் வந்தது. வாழ்க்கை அதனை மீறுவதாக அறிவிக்கப்பட்டது.

திட்டம் ஒதுக்கிய தொழில் நிலமும் வணிக நிலமும் சிறு உற்பத்தியாளருக்கு எட்டாத விலையில், தேவையை விடக் குறைந்த அளவில் இருந்தன. பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் திட்டத்தில் வீடும் இல்லை. வேலை செய்ய இடமும் இல்லை. ஆகவே அவர்கள் அங்கீகாரமற்ற காலனிகளில் குடியேறினர். குடியிருந்த இடத்திலேயே தொழிலும் செய்தனர். அரசு தன் கடமையைச் செய்யத் தவறியதன் விளைவு, மக்களின் சட்டமீறலாகப் பதிவு செய்யப்பட்டது.

சீல் வைப்பின் அரசியல்

1990களின் நடுப்பகுதியிலிருந்து இந்த முரண்பாடு நீதிமன்றத்தின் வழியாக வெடித்தது. 1996இல் உச்சநீதிமன்றம் அபாயகரமானவை என்று வகைப்படுத்தப்பட்ட 168 தொழிற்சாலைகளைத் தில்லியில் மூடுமாறு உத்தரவிட்டது. அடுத்து, குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய சிறு தொழிற்கூடங்களின் முறை வந்தது. 2000 நவம்பரில் அவற்றை மூடும் நடவடிக்கை தொடங்கியபோது தில்லித் தெருக்களில் தொழிலாளர்களும் சிறு உடைமையாளர்களும் கொந்தளித்தனர். இடமாற்றம் என்ற பெயரில் பவானா போன்ற தொலைதூரப் பகுதிகளில் மனைகள் ஒதுக்கப்பட்டன. மனை உரிமையாளருக்குக் கிடைத்தது. அவரிடம் வேலை செய்த தொழிலாளிக்கு வேலையும் போயிற்று, வாழிடமும் போயிற்று.

2006 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. குடியிருப்புக் கட்டடங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவோரின் இடங்களுக்குச் சீல் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நடவடிக்கையை மேற்பார்வையிட ஒரு கண்காணிப்புக் குழுவும் அமைக்கப்பட்டது. அதன் பிறகு நடந்ததை வர்க்கக் கண்ணோட்டத்தோடு பார்க்க வேண்டும். வணிகர் அமைப்புகள் கடையடைப்பு நடத்தின. பெரிய கட்சிகள் அனைத்தும் பதறின. மே மாதத்திலேயே நாடாளுமன்றம் தில்லிக்கென ஒரு சிறப்பு விதிகள் சட்டத்தை நிறைவேற்றியது. செப்டம்பரில் 2,183 தெருக்கள் கலப்புப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் உரியவையாக அறிவிக்கப்பட்டன. அதே செப்டம்பரில் வடகிழக்குத் தில்லியின் சீலம்பூரில் சீல் வைப்பை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு உயிர்கள் பறிக்கப்பட்டன. 2007 பிப்ரவரி 7 அன்று 2021ஆம் ஆண்டுக்கான முழுமைத் திட்டம் அறிவிக்கையானது. மாற்றக் கட்டணம் செலுத்தியவர்கள் முறைப்படுத்தப்பட்டனர்.

சிறப்புச் சட்டமோ அன்றிலிருந்து மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்படுகிறது. கடைசியாக 2023 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட திருத்தத்தின்படி அதன் காலம் 2026 டிசம்பர் 31 வரை. இருபது ஆண்டுகளாக ஒரு பெருநகரத்தின் உழைக்கும் மக்களில் பெரும்பகுதியினர் தற்காலிகப் பாதுகாப்பின் நிழலில் வாழ்கிறார்கள். காலக்கெடு நெருங்கும்போதெல்லாம் அச்சம். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நீட்டிப்பு. உரிமையாக வழங்கினால் மக்கள் யாருக்கும் நன்றிக்கடன் படவேண்டியதில்லை. சலுகையாக வழங்கினால் ஒவ்வொரு முறையும் கைகூப்பி நிற்க வேண்டும். முதலாளித்துவக் கட்சிகளுக்கு இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது.

விதிக்குள் இருக்கும் வர்க்கம்

2021 முழுமைத் திட்டம் வீட்டில் நடத்தும் தொழில்களை எவ்வாறு நடத்துகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மூன்று வகைகளை அது அங்கீகரிக்கிறது.

முதலாவது, தொழில்முறைச் சேவை. மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர், பொறியாளர், ஊடகவியலாளர் போன்றோர் தாம் வசிக்கும் வீட்டின் அனுமதிக்கப்பட்ட தளப்பரப்பில் 50 சதவீதம் வரை தம் தொழிலுக்குப் பயன்படுத்தலாம். செல்வந்தர் வாழும் காலனிகளிலும் இந்த அனுமதி உண்டு.

இரண்டாவது, சிறு கடை. மளிகை, காய்கறி, தையல், முடிதிருத்தம் போன்ற அன்றாடத் தேவைகளுக்கான கடைகளைத் தரைத்தளத்தில் மட்டும் 20 சதுர மீட்டர் வரை நடத்தலாம்.

மூன்றாவது, வீட்டுத் தொழில். மாசுபடுத்தாத தொழிலாக இருக்க வேண்டும். 5 தொழிலாளர், 5 கிலோவாட் மின்சாரம் என்பது வரம்பு. பின்னர் இது 9 தொழிலாளர், 11 கிலோவாட் என உயர்த்தப்பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை தாராளமான விதிகளாகத் தோன்றும். ஆனால் இந்த மூன்று வகைகளுக்கும் பொதுவான ஓர் அனுமானம் இருக்கிறது. தொழில் செய்பவருக்குச் சட்டபூர்வமான வீடு இருக்கிறது. அதில் அறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தொழிலுக்கு ஒதுக்க முடியும் என்பதே அந்த அனுமானம். தில்லியின் மறுகுடியமர்த்தல் காலனிகளில் ஒரு குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட மனை 18 சதுர மீட்டர், பலருக்கு 12.5 சதுர மீட்டர். வழக்கறிஞரின் வீட்டில் பாதிப் பரப்பு என்பது ஓர் அலுவலகம். இங்கே பாதிப் பரப்பு என்பது ஒரு பாய் விரிக்கும் இடம். சமைப்பதும், உறங்குவதும், பிள்ளைகள் படிப்பதும், துணி தைப்பதும் அதே தரையில்தான். கடைக்கு அனுமதிக்கப்பட்ட 20 சதுர மீட்டரைவிட முழு வீடே சிறியது! விதி சமமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சமமற்ற வீடுகளின் மீது அது சமமாக விழுவதால் சமத்துவமின்மை ஆழப்படுகிறது.

மேலும் ஒரு கேள்வி. இந்த மூன்று வகைகளில் உருப்படிக் கூலிக்கு வீட்டில் வேலை செய்யும் பெண் எதில் அடங்குகிறார்? அவர் தொழில்முறைச் சேவையாளர் அல்லர், கடைக்காரர் அல்லர், வீட்டுத் தொழிலின் உடைமையாளரும் அல்லர். காந்திநகரின் மொத்த ஆடைச் சந்தைக்காக நூல் பிசிறு வெட்டுபவர், பித்தான் தைப்பவர், ஜரிகை வேலை செய்பவர், பொட்டு அட்டைகளைக் கோப்பவர் ஆகிய அனைவரும் ஒப்பந்தக்காரரான டேக்கேதார் கொண்டுவந்து போடும் பொருளை முடித்துக் கொடுத்துக் கூலி பெறுபவர்கள். அவர்களுடைய வீடு மூலதனத்தின் உற்பத்திக்கூடம். வாடகை அவர்கள் தருவது. மின்கட்டணம் அவர்கள் தருவது. ஊசியும் நூலும் பல இடங்களில் அவர்களே வாங்குவது. முதலாளியின் நிலையான செலவுகள் அனைத்தும் தொழிலாளியின் குடும்பத்தின் தலையில் இறங்குகின்றன. முழுமைத் திட்டத்தின் வகைப்பாட்டில் இவர்களுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

மறைந்திருப்பதன் விலை

விதி அங்கீகரிக்காத உழைப்பு மறைந்து வாழ வேண்டியிருக்கிறது. அந்த மறைவுக்கு ஒரு விலை உண்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் பிரிவு 126இன்படி, எந்தப் பயன்பாட்டுக்காக இணைப்பு அளிக்கப்பட்டதோ அதற்கு மாறான பயன்பாடு அங்கீகரிக்கப்படாத பயன்பாடு ஆகும். உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு மதிப்பீடு செய்து வசூலிக்கலாம். வீட்டு இணைப்பில் தையல் மெஷின் ஓட்டும் குடும்பத்தின் தலைக்குமேல் இந்தப் பிரிவு தொங்குகிறது. தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிகளில், 5 கிலோவாட் வரை இணைப்புச் சுமை உள்ள வீடுகளில் நடத்தப்படும் சிறு தொழில்களுக்கு வீட்டுக் கட்டணமே வசூலிக்கலாம் என்ற ஏற்பாடு இடம்பெற்றது. இப்படி ஓர் ஏற்பாடு உண்டு என்பது பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியாது. தெரியாததால் மிரட்டலுக்கு அஞ்சுகிறார்கள். கேட்டதைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இத்தகைய ஏற்பாட்டை அனைத்து மாநிலங்களிலும் கோரிப் பெற முடியும் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

மின்சாரம் மட்டுமன்று. சொத்துவரி வணிக வீதத்துக்கு மாறுமோ என்று வீட்டு உரிமையாளர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தை வாடகை உயர்வாக மாற்றுகிறார். மாநகராட்சி ஆய்வாளர் வருவாரோ என்று சன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மறைந்து வேலை செய்பவர் கூலிக்காக வெளிப்படையாகப் போராட முடியாது. கூலி பாக்கி என்று காவல் நிலையத்துக்கோ தொழிலாளர் அலுவலகத்துக்கோ போனால், அங்கே வேலை நடப்பதே முதலில் அம்பலமாகும். ஒப்பந்தக்காரருக்கு இதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? தொழிலாளியின் வாயை அடைக்கும் பூட்டாக மண்டல விதி பயன்படுகிறது. சாவி முதலாளியின் கையில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

தோழர்களே, இதனால் எல்லாக் கட்டுப்பாடுகளையும் நீக்கிவிடலாம் என்ற முடிவுக்கு நாம் வர முடியாது. வீட்டில் செய்யும் தொழிலைப் புகழ்ந்து பாடும் குரல்கள் இன்று ஓங்கி ஒலிக்கின்றன. சுயதொழில், சுயசார்பு, பெண் தொழில்முனைவோர் என்று ஒன்றிய ஆட்சியாளர்கள் முழங்குகிறார்கள். இந்த மாயையை மார்க்சியம் நெடுங்காலத்துக்கு முன்பே உடைத்துவிட்டது. மூலதனம் நூலின் முதல் தொகுதியில் மார்க்ஸ் நவீன வீட்டுத் தொழிலை ஆராய்கிறார். அது பழைய சுதந்திரக் கைவினை அன்று. ஆலையின் வெளிப்புறப் பிரிவாக மாறிவிட்ட ஒன்று என்று அவர் காட்டுகிறார். எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை பற்றிய தமது நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1887இல் எழுதிய முன்னுரையில் ஜெர்மனியின் நிலையை எடுத்துக்காட்டுகிறார். சொந்த வீடும் சிறு தோட்டமும் உள்ள வீட்டுத் தொழிலாளி, அந்த வீட்டோடு கட்டுண்டு கிடப்பதாலேயே மிகக் குறைந்த கூலியை ஏற்க நேர்கிறது என்பது அவரது ஆய்வு முடிவு. வீடு பாதுகாப்பாக இருக்க வேண்டியது. அதுவே கூலியைக் குறைக்கும் கருவியாகவும் ஆகலாம்.

பாதுகாப்புப் பிரச்சினையும் உண்மையானது. 2019 டிசம்பர் 8 அதிகாலையில் தில்லி அனாஜ் மண்டியில் ஒரு கட்டடம் தீப்பற்றியபோது 43 உயிர்கள் போயின. குடியிருப்புப் பகுதியின் நெருக்கமான சந்தில், பைகள் போன்ற பொருள்கள் தயாரிக்கப்பட்ட கட்டடம் அது. வேலை செய்த இடத்திலேயே தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். இதை வீட்டுத் தொழில் என்று யாரும் சொல்ல முடியாது. குடியிருப்பின் போர்வையில் நடந்த ஆலை அது. இத்தகைய உடைமையாளர்கள் ஏழைப் பெண்ணின் தையல் மெஷினைத் தங்களுக்குக் கேடயமாகப் பயன்படுத்துவதை நாம் அனுமதிக்கக் கூடாது.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் பவானாவில் பட்டாசுக் கிடங்கு தீப்பற்றி 17 பேர் இறந்தனர். பவானா முறைப்படி அமைக்கப்பட்ட தொழில் மண்டலம். வரைபடத்தில் சரியான நிறம் பூசப்பட்ட இடத்திலும் தொழிலாளி எரிந்து சாகிறார். ஆகவே தொழிலாளியின் உயிரைக் காப்பது மண்டல எல்லைக்கோடு அன்று. தொழிற்சாலை ஆய்வும், தீத்தடுப்பு ஏற்பாடும், தொழிற்சங்க உரிமையும்தான் காக்கும். ஆய்வாளர்களின் கைகளைக் கட்டிவிட்டுச் சீல் வைக்கும் குழுக்களை அனுப்புகிறது அரசு.

தொழிலாளர் சட்டமும் கைவிட்ட கதை

மண்டல விதி ஒரு பக்கம் இவர்களை மறைக்கிறது. தொழிலாளர் சட்டம் மறுபக்கம் கைவிடுகிறது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலாளி என்ற வரையறைக்குள், பொருள்களைப் பெற்றுத் தம் வீட்டில் வேலை முடித்துக் கொடுப்பவரையும் வெளிப்படையாகச் சேர்த்திருந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் வீட்டில் பீடி சுற்றுபவரைத் தொழிலாளியாக ஏற்றது. நீண்ட போராட்டங்களின் பலன்கள் இவை. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவரப்பட்ட 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் அந்த வெளிப்படையான குறிப்பு இல்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வீடுசார் தொழிலாளி என்பதை வரையறுக்கிறது; ஆனால் கூலி உரிமையை அங்கே காண முடியாது. நலத்திட்டம் பற்றிய வாக்குறுதிகளே இருக்கின்றன. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்போ, ஆலை என்பதற்கான எண்ணிக்கை வரம்பை மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் 10இலிருந்து 20ஆக, பயன்படுத்தாத இடங்களில் 20இலிருந்து 40ஆக உயர்த்தியது. இந்தத் தொகுப்புகளைத்தான் ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுப் பணி குறித்த 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டில் வேலை செய்யும் கூலித் தொழிலாளரை மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இந்தியா இதுவரை அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. காங்கிரஸ் ஆட்சியும் செய்யவில்லை. பாஜக ஆட்சியும் செய்யவில்லை.

அகற்றம் என்றால் வேலையும் அகற்றப்படுகிறது

இந்தப் பிரச்சினை நம்மோடு நேரடியாகத் தொடர்புடையது. தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலையொட்டி இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கே மாற்றுக் குடியிருப்பு கிடைத்தது. அதுவும் நகரின் மறுகோடியில் உள்ள நரேலாவில். ஏழையின் வீட்டுமுகவரி அவருடைய வேலையின் முகவரியும் ஆகும். சுற்றுப்புற வீடுகளின் வேலை, அக்கம்பக்கத்து வாடிக்கை, கடன் கொடுக்கும் மளிகைக் கடை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா என அனைத்தும் அந்த முகவரியோடு பிணைந்தவை. அடுக்குமாடியில் ஓர் அறையைக் கொடுத்துவிட்டு மறுவாழ்வு என்று கணக்கு முடிப்பவர்கள் இவற்றை எந்தப் பத்தியிலும் எழுதுவதில்லை.

மும்பை தாராவியிலும் இதே கேள்விதான் எழுந்து நிற்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்களும் சேர்ந்து உருவாக்கிய உழைப்பாளர் நகரம் அது. தோல் தொழில், கும்பர்வாடாவின் மண்பாண்டச் சூளைகள், அப்பளம் இடும் பெண்கள், தையற்கூடங்கள் என அங்கே வீடும் பட்டறையும் பிரிக்க முடியாதவை. 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றெடுத்த மறுசீரமைப்புத் திட்டம், தகுதி பெறும் குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்கிறது. தாராவிக்குள்ளேயே வீடு பெற, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாடியில் இருந்தவரின் கதி என்ன? பத்தாவது மாடியில் சூளை மூட்ட முடியுமா? முற்றமின்றி அப்பளம் எங்கே காயும்? வீட்டின் பரப்பைக் கணக்கிடுபவர்கள் உழைப்பின் பரப்பைக் கணக்கிட மறுக்கிறார்கள். எஞ்சும் நிலம் யாருடைய லாபத்துக்குப் போகிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

நமது நிலைப்பாடு

1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் வாழ்வாதார உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று கூறியது. ஆனால் தீர்ப்பு மட்டும் யாருடைய வீட்டையும் காப்பாற்றவில்லை. அமைப்பாகத் திரண்ட மக்கள் காப்பாற்றிய இடங்களே காப்பாற்றப்பட்டன. எனவே தெளிவான கோரிக்கைகளோடு நாம் மக்களிடம் செல்ல வேண்டும்.

முதலாவதாக, வீடுசார் தொழிலாளி என்ற வகையை முழுமைத் திட்டங்களில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். கூலிக்கு வேலை செய்பவரையும், குடும்பத்தினரோடு சொந்தமாகச் சிறு தொழில் செய்பவரையும் உரிமம், கட்டணம், தண்டம் ஆகியவற்றின் தொல்லையிலிருந்து விடுவிக்க வேண்டும்.

இரண்டாவதாக, விதியின் அளவுகோல் மாற வேண்டும். எந்தத் தெரு என்பதைவிட என்ன தொழில், என்ன தீங்கு, யார் யாருக்கு வேலை கொடுக்கிறார் என்பவையே அளவுகோல்களாக வேண்டும். இரசாயனம், தீப்பற்றும் பொருள், பேரிரைச்சல் ஆகியவை குடியிருப்பில் கூடாது. அவற்றை அகற்றும்போது அரசே அருகில் பொதுப் பணிக்கூடங்களைக் குறைந்த வாடகைக்குக் கட்டித்தர வேண்டும்.

மூன்றாவதாக, பொறுப்பு முதன்மை முதலாளிக்கு உரியது. வீட்டில் தைத்த ஆடை எந்த நிறுவனத்தின் பெயரில் விற்கப்படுகிறதோ அந்த நிறுவனமே குறைந்தபட்சக் கூலிக்கும் காப்பீட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும். 177ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்.

நான்காவதாக, முடிவெடுக்கும் இடத்தில் தொழிலாளர் இருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர வியாபாரக் குழுக்களில் குறைந்தது 40 சதவீத இடங்களை வியாபாரிகளுக்குரியவை ஆக்கியது. அவற்றில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. அதே வழியில் வீடுசார் தொழிலாளருக்கும் வார்டு அளவில் குழுக்களும் கணக்கெடுப்பும் வேண்டும். நகரத் திட்டமிடல், அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் தந்த பன்னிரண்டாவது அட்டவணையில் முதலாவதாக இருக்கும் பணி. தில்லியில் அது தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சியிடமும் இல்லை. மாநில அரசிடமும் இல்லை. ஒன்றிய அரசின் கீழுள்ள ஆணையத்திடம் இருக்கிறது. இது ஜனநாயகக் கோரிக்கையும் ஆகும்.

2041ஆம் ஆண்டுக்கான தில்லி முழுமைத் திட்டத்தின் வரைவு 2021 ஜூனில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டபோது பல்லாயிரக்கணக்கான ஆட்சேபங்களும் யோசனைகளும் குவிந்தன. அவற்றில் வீடுசார் தொழிலாளர், தெருவோர வியாபாரிகள், குடிசைவாசிகள் ஆகியோரின் அமைப்புகள் அளித்தவையும் அடங்கும். பெருந்தொற்றின் இரண்டாம் அலை தணிந்தும் தணியாத அந்த நாட்களில், ஆங்கிலத்திலும் வரைபட மொழியிலும் எழுதப்பட்ட அந்த ஆவணத்தைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் கொண்டு சென்று, இந்தியில் விளக்கி, கையெழுத்துப் பெற்றுக் கொடுத்தார்கள். மக்களுக்கு இது புரியாது என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

கிளைகளின் உடனடிக் கடமைகள்

கோரிக்கைகள் அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும். எத்தனை வீடுகளில் வேலை நடக்கிறது, என்ன வேலை, உருப்படிக்கு என்ன கூலி, பொருள் எங்கிருந்து வருகிறது, மின்கட்டணம் எந்த வகையில் வசூலிக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். இந்த விவரங்களைத் திரட்டும்போது பெயர்களும் முகவரிகளும் வெளியே செல்லாதிருப்பதை உறுதி செய்வது நமது பொறுப்பு. மக்கள் நம்மை நம்பிச் சொல்வது ஆய்வாளரின் கைக்குப் போய்விடக் கூடாது.

மாதர் அமைப்பும் தொழிற்சங்கமும் வாலிபர் அமைப்பும் இதில் இணைந்து செயல்பட வேண்டும். ஆலைவாயிலில் கூட்டம் போட்டு வளர்ந்தது நமது தொழிற்சங்க இயக்கம். இந்தத் தொழிலாளருக்கு ஆலைவாயில் கிடையாது. ஷிஃப்ட் மணி கிடையாது. ஒரே முதலாளிக்கு வேலை செய்யும் இருவர் ஒருவரையொருவர் அறிந்திருக்கவும் மாட்டார்கள். அவர்களை ஒன்றுசேர்க்கும் இடம் தண்ணீர்க் குழாயடி, ரேஷன் கடை, பள்ளி வாசல். நேரம் பிற்பகல், சமையல் முடிந்து, மறு சமையல் தொடங்கும் முன். நமது கூட்ட நேரங்களும் இடங்களும் அதற்கேற்ப மாற வேண்டும்.

தோழர்களே, இந்த நகரங்களைக் கட்டியவர்கள் தொழிலாளர்கள். இவற்றை உடுத்துபவர்களும் உண்ணச் செய்பவர்களும் அவர்களே. அவர்களுடைய உழைப்பு இல்லாமல் ஒரு நாளும் ஓடாத நகரம், அவர்கள் உழைக்கும் இடத்தைச் சட்டவிரோதம் என்கிறது. சீல் வைப்பு வரும்போது மட்டும் களத்துக்குப் போவது போதாது. வரைபடம் வரையப்படும்போதே அந்த மேசையில் தொழிலாளி வர்க்கத்தின் குரல் இருக்க வேண்டும். அந்தக் குரலைத் தெருத்தெருவாகத் திரட்டும் பணியை இந்த வகுப்பிலிருந்து திரும்பியதும் நாம் தொடங்குவோம்.